மீன் தொட்டிக்கு அடியில் ஒரு நூல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணி இருக்கும். இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் ஐயா. அவர் ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிடுகிறவரே இல்லை.

"அம்மா, மீன் தொட்டி ஒழுகிப் போச்சும்மா. மீனெல்லாம் கல்லு மேல துடிச்சிட்டுக் கெடந்துச்சு. வாளியில அள்ளிப் போட்டுட்டேன். நீங்க சீக்கிரம் வாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட், அந்த நேரத்தில் இருபது நிமிடம். வரவேற்பறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது தரை. டைல்ஸ் முழுக்க ஈரம். மீன் தொட்டி வைத்திருந்த அலமாரியின் கதவு இடுக்கில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் கூழாங்கல் மட்டத்துக்குத்தான் தண்ணீர் மிச்சம். ஐயா வாளியைக் காட்டினார். தரை துடைக்கிற சிவப்பு வாளி. அவசரத்துக்கு அவர் கைக்கு அகப்பட்டது அதுதான். நன்றாகக் கழுவித்தான் தண்ணீர் பிடித்திருக்கிறார். ஆனாலும் அந்தத் தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. குனிந்தால் ஃபினாயில் வாடை. பிளாஸ்டிக்கில் ஊறிப்போன வாடை ஒரு கழுவலில் போகாது.

பன்னிரண்டு மீன்களில் மூன்றுதான் பிழைத்தன. தொட்டியின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரை என் டிபன் டப்பாவில் மொண்டு, அந்த மூன்றையும் அதில் விட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐயாவிடம் ஃபினாயிலைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் வராமல் இருந்திருந்தால் அந்த மூன்றும் இருந்திருக்காது.

இது நடந்து நான்கு வருடமாகிறது. இப்போது அதே வரவேற்பறையில் வேறொரு தொட்டி மூன்றரை வருடமாக ஒழுகாமல், ஆடாமல் நிற்கிறது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் தொட்டி வைப்பது பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆபீஸ் மேசை, ஆபீஸ் அலமாரி மேல் வைப்பது வேறு விஷயம். அங்கே ராத்திரியில் ஆள் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது, சாமான் எதுவும் நம் சொந்தம் கிடையாது.

முதலில், ஏன் உடைந்தது என்று பார்க்கலாம். எல்லோரும் தொட்டி விற்ற கடையைத்தான் குறை சொன்னார்கள். நானும் ஒருநாள் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். திங்கட்கிழமை தொட்டியை இறக்கிவிட்டு அலமாரியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

அது ஃபைல் வைக்கிற தாழ்வான அலமாரி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி ஆழம், கீழே இரண்டு கதவு, நடுவில் தடுப்புப் பலகை இல்லை. மேல் பலகை 18 மி.மீ. பிரீலாம் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சிராய்களையும் பசை போட்டு அழுத்திச் செய்கிற பலகை. பார்க்க வழுவழுவென்று தேக்கு நிறத்தில் இருக்கும். பின்பக்க விளிம்பை முதுகுப் பலகை தாங்கிக்கொண்டிருந்தது. முன்பக்க விளிம்புக்கு அடியில் கதவு மட்டும்தான். கதவு எதையும் தாங்காது. ஆக, பின்பக்கம் அப்படியே நிற்க, முன்பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்திருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்து அளந்து பார்த்தேன். நடுவில் 7 மி.மீ. இறக்கம், அதுவும் தொட்டியை எடுத்த பிறகு.

பலகை வளையும், கண்ணாடி வளையாது. முன்னால் இறங்கி, பின்னால் இறங்காமல் நின்றால் தொட்டியை இரண்டு கையால் பிடித்து முறுக்குவது போல ஆகிவிடும். முன்பக்க இடது மூலையில் சிலிகான் ஒட்டு பிரிந்து, அடிக் கண்ணாடியில் நான்கு அங்குலத்துக்கு மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

இன்றைக்கும் என்னை உறுத்துவது வேறு: முன்கூட்டியே இரண்டு அறிகுறிகள் தெரிந்தன. உடைவதற்கு இரண்டு மாதம் முன்பு அலமாரியின் கதவுகள் மேலே உரச ஆரம்பித்தன. கீல் தளர்ந்துவிட்டது என்று சொல்லி ஆளை வைத்து இரண்டு ஸ்குரூவை முடுக்கினோம். கதவு கீழே இறங்கவில்லை, மேல் பலகைதான் கதவின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது, தொட்டியின் தண்ணீர் மட்டம். பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தால் பின்பக்கத்தைவிட முன்பக்கம் அரை விரல் மேலே நின்றது. தினமும் தீனி போடும்போது அதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பொய் சொல்லாது. ரசமட்டத்துக்குள்ளே இருப்பதும் இப்படியொரு திரவம்தானே. உங்கள் தொட்டியில் மேல் விளிம்புக்கும் தண்ணீர்க் கோட்டுக்கும் இடையே நான்கு மூலையிலும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் வேறுபட்டால் அடியில் ஏதோ நகர்கிறது என்று அர்த்தம்.

எடைக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதைப் போடாமல்தான் பெரும்பாலோர் தொட்டி வாங்குகிறார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கடையில் இருப்பதிலேயே சின்னது என்று எடுப்போம். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கூழாங்கல் அடைக்கும் இடத்தையும் மேலே விடுகிற இரண்டு விரல் இடத்தையும் கழித்தால் 45 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ; இந்தத் தொட்டிக்குக் கண்ணாடி மட்டும் 11 கிலோ வரும். இரண்டு அங்குல உயரத்துக்குக் கூழாங்கல் என்றால் 14 கிலோ. பாறை, மரக்கட்டை, மூடி, லைட், ஃபில்டர் எல்லாம் ஒரு 7 கிலோ. மொத்தம் 77. எண்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பது கிலோ ஆள் ஒருவர் மேசை மேல் ஏறி உட்கார்ந்து பேசிவிட்டு இறங்கிப் போவார்; மேசைக்கு ஒன்றும் ஆகாது. அதை வைத்துத்தான் "இது தாங்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் மேனேஜரும் அலமாரி மேல் உட்கார்ந்து காட்டித்தான் சரி என்றார். ஆனால் தொட்டி இறங்கிப் போகாது. ராத்திரியும் பகலும், பொங்கல் லீவிலும் தீபாவளி லீவிலும் அதே இடத்தில் அதே எண்பது கிலோ. ஆபீஸ் சாமான்கள் ஏறி இறங்குகிற எடைக்காகச் செய்யப்பட்டவை. பார்ட்டிகிள் போர்டு விடாத எடைக்கு மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். எடையை எடுத்தாலும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. அதன் மேல் ஈரம் பட்டால் பேச்சே வேண்டாம். மூடியின் ஓரத்தில் சொட்டிய நீர் எங்கள் அலமாரியின் பின்மூலையில் இறங்கி, எட்ஜ் பட்டை பிரிந்து, உள்ளே தூள் பொரியைப் போல உப்பியிருந்தது. விரலால் கிள்ளினால் கையோடு வந்தது.

இரண்டாம் முறை எங்கே வைக்கலாம் என்று ஆபீஸ் முழுக்க ஒவ்வொரு சாமானாகக் குனிந்து அடியில் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் எல்லாமே உறுதியாகத்தான் தெரியும்.

கம்ப்யூட்டர் மேசைகளை உடனே தள்ளிவிட்டேன். அவை மினிஃபிக்ஸ் என்கிற சின்ன உலோகக் குமிழால் மாட்டப்பட்டவை. பக்கவாட்டில் தள்ளினால் ஆடும். ஆட்கள் கை ஊன்றி எழுகிற மேசையில் தொட்டி இருக்கவே கூடாது. சக்கரம் வைத்த டிராயர் பெட்டி வேண்டவே வேண்டாம். ஸ்டீல் பீரோவைப் பலரும் சொன்னார்கள், "இரும்பாச்சே" என்று. மேல் தகட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், "டக்" என்று உள்ளே போய் வெளியே வரும். நான்கு ஓரமும் பலம், நடுவில் வெறும் தகடு. அதோடு அந்த உயரத்தில் தொட்டி இருந்தால் சுத்தம் செய்ய ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். நான்கு டிராயர் ஃபைல் கேபினட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. ஃபைல் நிறைந்த மேல் டிராயரை முழுக்க இழுத்தால் கேபினட்டே முன்னால் சாயப் பார்க்கும். தலையில் எண்பது கிலோ இருக்கும்போது சாய்ந்தால் யார் மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிரானைட் போட்ட ரிசப்ஷன் கவுண்டர் நல்ல இடம்தான், செங்கல் சுவர் மேல் கல் உட்கார்ந்திருந்தால். எங்கள் கவுண்டரில் கல்லுக்கு அடியில் இருந்தது அதே பார்ட்டிகிள் போர்டு.

கடைசியில் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய தேக்கு மேசைதான் கிடைத்தது. கம்பெனி ஆரம்பித்த காலத்து மேசை. மூன்றடிக்கு இரண்டடி. மூன்றங்குலக் கனத்தில் நான்கு கால்கள், மேல் பலகைக்கு அடியில் நான்கு பக்கமும் நான்கு அங்குல அகலத்தில் சட்டம், கால்களைக் கீழே இணைக்கும் குறுக்குக் கட்டை. பலகை எவ்வளவு கனம் என்பதைவிட அந்தச் சட்டம்தான் முக்கியம். படுக்கையாகக் கிடக்கிற பலகை தொய்யும், செங்குத்தாக நிற்கிற பலகை லேசில் தொய்யாது. புத்தக ஷெல்ஃபுக்கு முன் விளிம்பில் ஒரு பட்டை அடிப்பார்களே, அதே காரணம்தான். கனம் கூட்டினாலும் பலன் உண்டு: 18 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. போட்டால் விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடும். ஆனால் அலமாரியில் நடுவே ஒரு தடுப்புப் பலகை நிறுத்துவது அதைவிடப் பெரிய வித்தியாசம் தரும். உங்களிடம் பிரீலாம் அலமாரிதான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் ஆசாரியைக் கூப்பிட்டு நடுவில் தரைவரைக்கும் ஒரு ப்ளைவுட் தடுப்பு நிறுத்துங்கள். தொட்டியின் இரண்டு முனைகளும் ஏதாவது ஒரு செங்குத்துப் பலகைக்கு நேர் மேலே வருகிற மாதிரி வையுங்கள்.

தேக்கு மேசையையும் நான் நம்பி வைத்துவிடவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி ஆபீஸிலேயே இருக்கிறது. 20 லிட்டர் தண்ணீர் கேன். நான்கு கேன் என்றால் எண்பது கிலோ, கிட்டத்தட்ட தொட்டியின் எடை. டிராயரைக் கழற்றிவிட்டு, மேசைக்கு அடியில் முன்விளிம்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துக் கட்டினேன். நடுவில் பலகைக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டேன். பிறகு தொட்டி வரப்போகிற இடத்தில் நான்கு கேனையும் நெருக்கி வைத்து ஒரு வாரம் விட்டுவிட்டேன். தினமும் காலையில் அளந்தேன். முதல் நாள் அரை மி.மீ. குறைந்தது. ஏழாம் நாளும் அதே அரை மி.மீ. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனால் அந்தச் சாமான் ஆகாது. மூன்றடி நீளத்துக்கு 2 மி.மீ.க்கு மேல் இறங்கினால் நான் வைக்க மாட்டேன். இதே சோதனையைப் பழைய அலமாரியிலும் செய்து பார்த்தேன். மூன்றாம் நாளே 4 மி.மீ. தாண்டியது. அந்த ஒரு வாரப் பொறுமை முதலிலேயே இருந்திருந்தால் ஒன்பது மீன் செத்திருக்காது.

தரை தாங்குமா என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். கான்கிரீட் தளத்தில் இரண்டடித் தொட்டியால் ஒன்றும் ஆகாது. நான்கு பேர் கூடி நின்று பேசுகிற எடைகூட இல்லை. ஐந்தடி, ஆறடித் தொட்டி என்றால் பில்டிங் எஞ்சினியரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. சர்வர் ரூம் மாதிரி அடியில் வயர் ஓடுகிற உயர்த்திய தரையிலும், கார்ப்பெட் தரையிலும் வைக்க வேண்டாம். கீழ்த் தளத்தில் வேறு கம்பெனி இருந்தால் அவர்களின் கூரை மேல் ஐம்பது லிட்டர் தண்ணீர் வைக்கப் போகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பில்டிங் ஓனரிடமும் நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

தேக்கு மேசையைச் சுவரோரமாக, தூண் இருக்கிற மூலையில் போட்டோம். ஏசி காற்று நேராக விழாத இடம், ஜன்னல் வெயிலும் படாத இடம். வெயில் பட்டால் ஒரே வாரத்தில் கண்ணாடி பச்சை பிடிக்கும். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் விட்டேன். மேசைக் காலைச் சுவரோடு எல் கிளாம்ப் போட்டு இறுக்கினார் ஆசாரி. வருகிறவர்களின் குழந்தைகள் விளிம்பைப் பிடித்துத் தொங்கினாலும் சாயக் கூடாது என்று அதை வற்புறுத்திக் கேட்டேன்.

மேசை மேல் தொட்டியைவிட ஓர் அங்குலம் பெரிதாக 18 மி.மீ. ப்ளைவுட். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மெரைன் ப்ளை. தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் பிரியாது. வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கோட் வார்னிஷ். அதன் மேல் அரை அங்குலத் தெர்மாகோல். கண்ணாடி அடி நேராக உட்காருகிற தொட்டிக்குத்தான் தெர்மாகோல். அடியில் பிளாஸ்டிக் ஃபிரேம் இருந்தால் எடையை அந்த ஃபிரேம்தான் தாங்க வேண்டும், தெர்மாகோல் போட்டால் அடிக் கண்ணாடியை மேலே தள்ளிவிடும். தெர்மாகோல் சின்ன மேடு பள்ளத்தையும் நடுவே மாட்டிய மணலையும் விழுங்கிக்கொள்ளும். தொய்கிற பலகையை அது நிமிர்த்தாது. முதல் தொட்டிக்கும் தெர்மாகோல் போட்டுத்தான் இருந்தோம்.

கொளத்தூர் கடையில் தொட்டி எடுத்தபோது அங்கிருந்த பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். "வீட்டுக்குப் போனதும் ஒரேடியா ரொப்பிடாதம்மா. கால் தொட்டி ஊத்து, ஒருநாள் விடு. அரை தொட்டி ஊத்து, இன்னொருநாள் விடு." அப்படியே செய்தேன். அடியில் பழைய நியூஸ்பேப்பர் விரித்து வைத்தேன், ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதத்தில் வட்டமாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்தேன். இடது முன்காலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. காலுக்கு அடியில்தான் கொடுக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் அட்டையையோ தகட்டையோ சொருகி மட்டம் பார்க்கக் கூடாது. அந்த ஒரு முனையில் எடை முழுக்கக் குவிந்துவிடும்.

இனி மின்சாரம். பழைய தொட்டி ஒழுகியபோது ஃபில்டர் வயர் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அலமாரிக்குள்ளேயே கீழ்த்தட்டில் கிடந்தது. தண்ணீர் நேராக அதன் மேல் இறங்கியிருக்கிறது. மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி என்ற சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் அளவில், மெயின் போர்டில் இருந்ததால் அந்த லைன் தானாக விழுந்துவிட்டது. அது இல்லாமல் ஐயா அந்த ஈரத்தரையில் செருப்பில்லாமல் நடந்து வந்து தொட்டிக்குள் கை விட்டிருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் ஆபீஸ் லைனில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்றும் பாருங்கள். இது இல்லாமல் தொட்டியே வேண்டாம் என்பேன்.

இப்போது பிளக் பாயிண்ட் தொட்டிக்குப் பக்கவாட்டில் சுவரில் இருக்கிறது, தொட்டிக்கு நேர் கீழே இல்லை. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் பிளக்கைவிடக் கீழே இறங்கி, பிறகு மேலேறிப் போகிற மாதிரி தளர்வாக விட்டிருக்கிறோம். வயர் வழியாக வழிந்து வருகிற நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறோம். கீழே வைத்தால், கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்கிப் பம்புக்குள் போய்விடும். டியூப்பின் நடுவே போடுகிற குட்டி நான்-ரிட்டர்ன் வால்வும் உண்டு; இரண்டும் செய்தேன். தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

ஆபீஸுக்கே உரிய ஒரு சிக்கல்: ராத்திரி கிளம்பும்போது பெரும்பாலும் மெயினை இறக்கிவிடுவார்கள். முதல் தொட்டியில் மாதக்கணக்கில் ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் ஃபில்டர் ஓடாமலே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. நான் வருவதற்குள் யாராவது மெயினைப் போட்டிருப்பார்கள், ஃபில்டர் ஓடும்; ராத்திரியும் ஓடுகிறது என்றே நினைத்திருந்தேன். காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து நிற்கும், அது மூச்சுத் திணறல் என்று தெரியாமல், பசி என்று தீனி போட்டோம். ஃபில்டர் பஞ்சில் வாழ்கிற பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. தண்ணீர் ஓடாமல் நின்றால் பஞ்சுக்கு ஆக்சிஜன் போகாது, அவை செத்துப்போகும். இப்போது சிசிடிவி கேமராவும் ஃபிரிட்ஜும் ஓடுகிற லைனிலிருந்து ஃபில்டருக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார் எலக்ட்ரீஷியன். லைட் மட்டும் டைமரில், எட்டு மணி நேரம்.

இன்னொன்று பூச்சி மருந்து. இதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. ஆபீஸில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரப்பான், கொசுவுக்கு மருந்து அடிக்க வருவார்கள். பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்குப் பெரிதாகத் தெரியாது, மீனுக்கு எமன். மூடி போட்டால் போதாது, ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடும். வரவேற்பறையில் ஸ்பிரே வேண்டாம், மூலைகளில் ஜெல் மட்டும் வையுங்கள் என்று சொல்லி, அட்மினிடம் எழுதியும் கொடுத்திருக்கிறேன். பக்கத்து அறையில் அடிக்கிற நாளில் ஏர் பம்பை அணைத்து, ஈரத் துண்டாலும் பாலிதீனாலும் தொட்டியை மூடிவிட்டு, வாடை போனதும் திறந்துவிடுவேன். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே, ரூம் ஃபிரெஷ்னர் இவற்றையும் தொட்டிப் பக்கம் அடிக்க வேண்டாம் என்று சுத்தம் செய்கிற அக்காவிடம் சொன்னேன். "எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்று வருத்தப்பட்டார். அன்றிலிருந்து வெறும் ஈரத்துணியால்தான் துடைக்கிறார்.

தீனி விஷயத்தில் ஆபீஸ் முழுக்க அன்பு. போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு சிட்டிகை. இப்போது தீனி டப்பா என் டிராயரில். மேசைக் காலில் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறோம். போட்டவர் டிக் அடிக்க வேண்டும். நாளுக்கு ஒரு டிக், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தீனி கிடையாது. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிற வளர்ந்த மீன்கள் இரண்டு நாள் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும். மிஞ்சிய தீனி அழுகினால்தான் தாங்காது.

மீன் விடுவதற்கு நான்கு வாரம் காத்திருந்தேன், ஃபில்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்குத் துளி தீனியைத் தண்ணீரில் போட்டுவைத்தால் அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். கடையில் கிடைக்கிற சோதனைச் சொட்டு மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்த பிறகுதான் முதலில் நான்கு கப்பி மீன் விட்டேன். வீட்டிலிருந்த அந்த மூன்று மீன்களும் அதற்கடுத்த வாரம் திரும்பி வந்தன. மெட்ரோ குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதைப் போக்க ஹைப்போ என்கிற சோடியம் தயோசல்பேட் உப்பு. சிலர் கேன் தண்ணீரையே ஊற்றலாமே என்றார்கள். ஆர்ஓ செய்த தண்ணீரில் உப்புச்சத்து போய்விடும், கப்பிக்கு அது ஒத்துவராது.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன், செவ்வாய்க்கிழமை காலையில். முன்பு சனிக்கிழமை மாலை செய்வேன், ஆபீஸ் காலியாக இருக்கும் என்று. அது தப்பு. டியூப் சரியாக மாட்டாமல் சொட்டினாலோ, பிளக் போட மறந்தாலோ, திங்கட்கிழமை வரை யாருக்கும் தெரியாது. லீவுக்கு முந்தின நாள் தொட்டியில் எதையும் தொடுவதில்லை.

போன வருடம் நெட் கேபிள் இழுக்க வந்தவர்கள், நான் மதியம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கிளாம்பைக் கழற்றிவிட்டு மேசையைத் தொட்டியோடு ஒரு சாண் நகர்த்தியிருந்தார்கள். தண்ணீர் அலையடித்துத் தரையெல்லாம் சிந்தியிருந்தது. நல்லவேளை, ஒட்டு எதுவும் விடவில்லை. தண்ணீர் இருக்கிற தொட்டியை மேசையோடும் நகர்த்தக் கூடாது, தனியாகவும் தூக்கக் கூடாது. பாதித் தண்ணீரிலும் கூடாது. கல் மட்டம் வரை இறைத்த பிறகுதான். இப்போது அதைத் தமிழில் பெரிதாக எழுதி, என் போன் நம்பரோடு மேசை விளிம்பில் ஒட்டியிருக்கிறேன்.

மேசைக்கு அடியில் அந்த நூல் இன்னும் கட்டித்தான் இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை டிராயரை உருவிவிட்டு ஸ்கேலை வைத்துப் பார்க்கிறேன். மூன்றரை வருடத்தில் மொத்தம் 1 மி.மீ. குறைந்திருக்கிறது, போன வருடத்திலிருந்து மாற்றமே இல்லை. பக்கத்தில் ஒரு நீல வாளி கவிழ்ந்திருக்கும். அதில் வெள்ளை பெயிண்டால் "மீன்" என்று எழுதியது வாட்ச்மேன் ஐயா. அந்த வாளியில் வேறு யாராவது துணி நனைத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ரவுண்டு வரும்போது தொட்டிக்கு அடியில் விரித்திருக்கிற காகிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு ரிங் வந்தால் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.